உள்ளங்காலைப் பார்க்க ஓர் ஆள்

பிப்ரவரி 4

பன்னுவுக்கு,

நலம் விசாரிக்கிற வரியோடு தொடங்க மனசு வரவில்லை. நீ நன்றாக இருக்கிறாயா என்று எனக்கு இரண்டு வருஷமாகத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கடிதமே.

கையில் போன் இருக்கும்போது இவளுக்கு ஏன் இந்த வேலை என்று நினைப்பாய். போன் செய்தால் நீ பாதியில் கட் பண்ணிவிடுவாய். நானும் போனில் வாயை அடக்கமாட்டேன், அது ஊருக்கே தெரியும். காகிதம் என்றால் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வரிக்கு முன்னால் கொஞ்சம் மூச்சு விடலாம்.

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வராந்தாவில் சித்தப்பா, பெரியம்மா எல்லோரும் நிற்க, "அடுத்து இவன்தான். இவனும் ஒத்தைக் காலோடதான் நிப்பான், பாத்துக்கிட்டே இருங்க" என்று நான் சொன்னேன். நீ பையைத் தூக்கிக்கொண்டு போனவன்தான். அம்மாவை எடுக்கும்போது வந்து நின்றாய், என் முகத்தைப் பார்க்கவில்லை, அப்படியே பஸ் ஏறிவிட்டாய். நான் சொன்னது தப்பு என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. அன்றைக்கு நீ கேன்டீனில் கேக் தின்றுகொண்டிருந்தாய். அம்மாவின் காலை எடுத்த அதே ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து கேக்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் வீட்டில் சர்க்கரை என்றால் கால்தான். ஆணி ஏறினதுகூடத் தெரியாமல் சந்தை முழுக்கச் சுற்றிவிட்டு வந்தவள் அம்மா. முதலில் விரல் போச்சு, அப்புறம் பாதம், அப்புறம் முட்டி வரைக்கும். அதிலிருந்துதானே ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு முடிந்ததும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருத்தர் காலை ஒருத்தர் மடியில் வைத்து, டார்ச் அடித்துப் பார்க்க ஆரம்பித்தோம்? உனக்கும் எனக்கும் சர்க்கரை வந்த பிறகு அம்மா ஒரு வாரம்கூட விட்டதில்லை. "தன் உள்ளங்காலைத் தன்னால பாக்க முடியாது, அதுக்கு இன்னொரு ஆள் வேணும்" என்பாள். நீ கூச்சத்தில் உதறி அவள் மூக்கில் ஒரு உதை விட்டாயே, நினைவிருக்கிறதா?

இப்போது என் காலைப் பார்ப்பது உன் மச்சான். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற மனுஷன் இல்லையா, அதே டார்ச், அதே முகம். எந்த ஒயர் அறுந்திருக்கிறது என்று தேடுகிற மாதிரி தேடுவார். என் காலில் ஒரு கீறல் கிடையாது. சர்க்கரையும் அப்படித்தான், கட்டுக்குள் இருக்கிறது. கம்பெனி நர்ஸ் காலையில் விரலைக் குத்திப் பார்க்கும்போதெல்லாம், "எல்லாரும் உங்களை மாதிரி இருந்தா எனக்கு வேலையே இருக்காதுக்கா" என்கிறாள்.

உன் காலை யார் பார்க்கிறார்கள்? கல்யாணமும் வேண்டாம் என்றுவிட்டாய். பேக்கரிக்கு மேலே மாடி அறையில் தனியாக இருக்கிறாய் என்று சித்தப்பா சொன்னார். நேற்று ஞாயிற்றுக்கிழமை. கால் பார்த்து முடித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். பதில் போடு. திட்டியாவது போடு.

அக்கா


பிப்ரவரி 20

இன்ஸ்பெக்டர் அக்காவுக்கு,

எனக்குப் பேசுற மாதிரிதான் எழுத வரும். உன்னை மாதிரி திருத்தமா எழுதணும்னா நான் இன்னொரு பிறவி எடுக்கணும். பொறுத்துக்கோ.

உறையில உன் கையெழுத்தைப் பாத்ததும் பயந்துட்டேன், மச்சானுக்கு ஏதாவது ஆயிடுச்சோன்னு. படிச்சு முடிச்சதும் கோவம் வந்துச்சு. நீ மன்னிப்பு கேட்டிருப்பேன்னு பாத்தா, கேக் தின்னியான்னு விசாரணை பண்றே! அந்தக் கேக்கு எனக்கு வாங்கினது இல்லை. அம்மாதான் ஆசையா இருக்குடா, யாருக்கும் தெரியாம ஒரு துண்டு வாங்கிட்டு வான்னு சொன்னா. ஒரு வாய்தான் சாப்பிட்டா. மீதியைத் தூக்கிப்போட மனசு வரலை. கீழே எடுத்துட்டுப் போய் உக்காந்தேன். அதைத்தான் நீ பாத்தே. உன் வேலையே அதுதானே, ஒரு கட்டுச் சட்டையில தையல் விட்டுப்போன சட்டையைக் கண்டுபிடிச்சுத் தனியாத் தூக்கிப் போடுறது. என்னையும் அப்படியே தூக்கிப் போட்டுட்டே.

போகட்டும், விடு.

என் காலை நானே பாத்துக்குறேன். முகம் பாக்குற கண்ணாடி ஒண்ணைத் தரையில போட்டு, அதுக்கு மேல பாதத்தைத் தூக்கிக் காட்டுவேன். மாவு பிசையிறவர் ஒருநாள் கதவைத் திறந்து பாத்துட்டு, "என்னப்பா, காலுக்குப் பவுடர் போடுறியா?"ன்னு கேட்டார். அன்னையிலேருந்து பேக்கரி பூரா எனக்கு மாப்பிள்ளைன்னு பேர். வெடிப்பு இல்லை, கொப்புளம் இல்லை, புண் இல்லை. சொல்லப்போனா உன் காலைவிட என் கால் ஜோரா இருக்கும். கொழுகொழுன்னு குழந்தைக் கால் மாதிரி ஆயிடுச்சு. சாக்ஸைக் கழட்டினா அந்தத் தடம் படுக்கப் போற வரைக்கும் அப்படியே இருக்கு. அம்மா கால் கடைசியில குச்சியாப் போச்சே, அதுக்கு இது எவ்வளவோ மேல்.

முதுகுவலிதான் உயிரை எடுக்குது. தட்டு தட்டாத் தூக்கி ஓவன்ல தள்ளுற வேலை, வேற எப்படி இருக்கும்? முக்குக் கடையில வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்குவேன். வருஷக்கணக்கா அது மிட்டாய் மாதிரி ஆயிடுச்சு. சர்க்கரை மாத்திரையை மறந்தாலும் மறப்பேன், அது மட்டும் சட்டைப்பையில இருக்கும். என் சுகர் எவ்வளவுன்னு மட்டும் கேக்காதே. கேட்டா மறுபடி ரெண்டு வருஷம் பேச மாட்டோம்.

டாக்டர்கிட்ட போறியான்னு அடுத்த கடிதத்துல கேப்பே. போறேன். காலைக் காட்டச் சொல்லுவார், காட்டுவேன். ரத்தம், மூத்திரம், பிரஷர்னு ஏதாவது பாக்கச் சொல்லி எழுதிக் குடுப்பார். அதுக்கெல்லாம் பகல்ல போய் வரிசையில நிக்கணும். பகல்ல தூங்கலைன்னா ராத்திரி ஓவன்கிட்ட எப்படி நிக்கிறது? அதுவுமில்லாம, காலுக்கும் மூத்திரத்துக்கும் என்னக்கா சம்பந்தம்?

உன் கடிதம் வந்ததுல எனக்குச் சந்தோஷம்தான். சொல்லிட்டேன். இன்னொரு தடவை சொல்ல மாட்டேன்.

பன்னு


ஏப்ரல் 11

பன்னுவுக்கு,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு உன் மச்சானிடம், "கால் நன்றாக இருக்கிறதாம்" என்று சொன்னேன். அவரும் சந்தோஷப்பட்டார். கேக் விஷயம் எனக்குத் தெரியாது. அம்மா என்னிடம் சொல்லவே இல்லை. அதை இப்போது பேச எனக்குத் தெம்பு இல்லை, வேறொன்று நடந்துவிட்டது.

போன வாரம் வேலையில் வெள்ளைச் சட்டைகள். விளக்கு மேஜையில் விரித்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு காலரில் கறுப்பு நூல் ஒன்று ஒட்டியிருந்தது. கிள்ளினேன், வரவில்லை. ஊதினேன், போகவில்லை. அந்தச் சட்டையைத் தனியாகப் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தால் அதிலும் நூல். அதற்கு அடுத்ததிலும். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சூப்பர்வைசரிடம் போய், "வெட்டுற இடத்துல துணியைச் சுத்தமா வைக்க மாட்டாங்களா, என் உயிரை வாங்குறாங்க" என்று கத்தினேன். அவர் சட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். "எங்கேக்கா நூல்?" என்றார். நான் அண்ணாந்து கூரையைப் பார்த்தேன். நூல் கூரையிலும் இருந்தது. என் கண்ணோடு சேர்ந்து நகர்ந்தது.

கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு, வெளிச்சம் அடித்து, படம் எடுத்துப் பார்த்தார். கண்ணுக்குப் பின்னாடி ரத்தக்குழாய்கள் கெட்டுப்போய்க் கசிகிறதாம். இன்று நேற்று வந்ததில்லை, பல வருஷமாக ஓசைப்படாமல் நடந்ததாம்.

"கடைசியா எப்பம்மா கண்ணைக் காட்டினீங்க?"

"காட்டினதே இல்லை. கண்ணு நல்லாத்தானே தெரிஞ்சுது?"

"கெட்டுப்போனப்புறமும் கொஞ்ச நாள் நல்லாத்தான் தெரியும். அதனாலதான் வருஷா வருஷம் வரச் சொல்றோம்."

என் சுகர் அளவையெல்லாம் பெருமையாகச் சொன்னேன், பன்னு. அவர் கேட்டுக்கொண்டே என் கையில் பட்டையைச் சுற்றினார். பிரஷர் எக்கச்சக்கம். காலையில் விரலைக் குத்திப் பார்ப்பது அந்த நேரத்துக்கு மட்டும்தானாம், மற்ற நேரமெல்லாம் ஏறியிருந்தால் அது சொல்லாதாம். சர்க்கரை இருக்கிறது என்று தெரியவருவதற்கு முன்னாலேயே எத்தனை வருஷம் உள்ளே இருந்ததோ, அதுவும் சேருமாம். "எங்க வீட்டில கால்தான் டாக்டர் போகும், என் கால் நல்லா இருக்கு" என்றேன். உளறல்தான். அவர் சிரிக்கவில்லை. "உங்கம்மாவுக்கு வந்தது அவங்க உடம்புக்கு வந்தது. உங்களுக்கு எது வரும்னு உங்க உடம்பைத்தாம்மா கேக்கணும். நீங்க கேக்கவே இல்லையே" என்றார்.

யாரோ என்னை ஏமாற்றிவிட்ட மாதிரி இருக்கிறது. இத்தனை வருஷம் நாக்கைக் கட்டினேன். அடுத்தவர் வீட்டு விசேஷத்தில் வெறும் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். ஞாயிறுதோறும் உள்ளங்காலைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டார்ச்சை உன் மச்சான் கொஞ்சம் மேலே தூக்கியிருந்தால்கூடப் பயன் இல்லையாம், அது வெளியே தெரியாதாம்.

அக்கா


ஏப்ரல் 29

அக்கா,

கடிதத்தைப் படிச்ச அன்னைக்கு ஒரு தட்டு பன்னைக் கரியாக்கிட்டேன். முதலாளி கத்தினார். எங்கக்காவுக்குக் கண்ணு போகுதுன்னு நான் திருப்பிக் கத்தினேன். அப்புறம் அவரே ஒரு டீ வாங்கிக் குடுத்தார், சர்க்கரை போட்டு. குடிச்சேன். உன்கிட்ட எதுக்கு மறைக்கணும்?

எனக்கு ஒண்ணு புரியலை. நீ ஒழுங்கா இருந்தே. நான் கழுதை மாதிரி திரிஞ்சேன். கடவுள்னு ஒருத்தர் உக்காந்து பாத்திருந்தா என் கண்ணைத்தானே எடுத்திருக்கணும்? உன் கடிதத்தைப் படிச்சுட்டு நானும் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பகல் தூக்கத்தை விட்டுட்டுப் போனேன், நம்புவியா? படம் எடுத்தாங்க. சின்னக் கறைகூட இல்லையாம். எனக்கு அங்கேயே வெக்கமாப் போச்சு. வெளிய வந்து படியில உக்காந்து அழுதேன். பாட்டுப் புஸ்தகம் விக்கிற ஆள் ஒருத்தன் வந்து, என்ன தம்பி, கண்ணு போயிடுச்சான்னு கேட்டான். இல்லை, நல்லா இருக்குன்னு சொன்னேன். பைத்தியம்னு நினைச்சிருப்பான்.

அதனால நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கேன். இது சீட்டுக் குலுக்கிப் போடுறது. யார் பேருக்கு விழுதோ அவங்களுக்கு. நீ பத்தியம் இருந்து என்ன கண்டே? எனக்குக் காலும் சரி, கண்ணும் சரி. மீதி இருக்கிறது சும்மா உடம்புதானே? இனிமே என்னை யாரும் மிரட்ட முடியாது.

நான் வரட்டுமா? லீவு கேட்டா தருவார்னு தோணுது. நீ ஒரு வார்த்தை சொல்லு.

பன்னு


ஜூன் 30

பன்னு,

இதைப் பெரிய பெரிய எழுத்தாக எழுதுகிறேன். காகிதத்தின் மேல் அளவுகோலை வைத்துக்கொண்டு, அதன் விளிம்பைத் தொட்டபடி எழுதுகிறேன். வரிமேல் வரி ஏறியிருந்தால் நீதான் பிரித்துப் படிக்க வேண்டும்.

நீ வரட்டுமா என்று கேட்டபோது நான் பதில் போடவில்லை. கண் சரியாகிவிடும், அப்புறம் வா என்று சொல்லலாம் என்றிருந்தேன். அழுத முகத்தோடு உன் முன்னால் நிற்க எனக்கு இஷ்டமில்லை. அது என் திமிர். இப்போது வலது கண்ணில் ஒன்றும் இல்லை. ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது உள்ளே ரத்தம் கொட்டிவிட்டது. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு குழாயைத் திறந்தால் தண்ணீர் சத்தம் மட்டும் கேட்டது. இடது கண்ணில் லேசர் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். எதிரே ஆள் நிற்பது தெரிகிறது, யார் என்று தெரிவதில்லை. உன் மச்சானைக்கூட இருமலை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறேன்.

வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மரியாதையாகத்தான் அனுப்பினார்கள், ஒரு சேலைகூடக் கொடுத்தார்கள். என்ன நிறம் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

உன் கடிதத்தை இனிமேல் மச்சான்தான் படித்துக் காட்டுவார். மின்சார மீட்டரில் எண் படிக்கிற குரலில் படிக்கிறார். நீ அழுதேன் என்று எழுதியதையும் அதே குரலில்தான் படித்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

சீட்டுக் குலுக்குவது என்று எழுதியிருந்தாய். அது அப்படி இல்லை. என்னைப் பார்த்து உன் உடம்பை எடைபோடாதே. நாம் இரண்டு பேரும் செய்தது அந்த ஒரு தப்புதான். நான் அம்மாவைப் பார்த்து என் காலைக் காத்தேன். நீ என்னைப் பார்த்து உன் கண்ணைச் சோதித்துக்கொண்டாய். உனக்கு என்ன வரப்போகிறது என்று இதுவரை ஒருத்தரும் பார்க்கவில்லை. நீ நிற்கிற வேலை வேறு, நீ தின்கிற மாத்திரை வேறு, உன் பிரஷர் என்னவென்றே உனக்குத் தெரியாது. அந்த டாக்டர் எழுதிக்கொடுத்தாரே ரத்தம், மூத்திரம் என்று, போய்க் கொடு. நெஞ்சையும் பார்க்கச் சொல். வரிசையில் நில். ஒரு நாள் தூங்காவிட்டால் செத்துப்போக மாட்டாய்.

நான் திட்டவில்லை. கெஞ்சுகிறேன். இதை எழுத ஒரு பொழுது முழுக்க ஆகிறது எனக்கு.

அக்கா


ஜூலை 18

அக்காவுக்கு, படிக்கிற மச்சானுக்கும்,

மச்சான், கொஞ்சம் ஏத்த இறக்கத்தோட படிங்க. நான் என்ன கரன்ட் பில்லா?

அக்கா, நீ சொன்னபடி போகணும்னுதான் இருந்தேன். ஓவன் ஆள் ஒருத்தன் வேலையை விட்டுட்டுப் போயிட்டான், ரெண்டு பேர் வேலையை ஒருத்தன் பாக்குறேன். உடம்பும் கொஞ்சம் அசதியா இருக்கு. ரொட்டி வாசனை வந்தாலே குமட்டுது. பேக்கரிக்காரனுக்கு ரொட்டி குமட்டினா அவன் எங்க போறது? காலையில வாயில ஏதோ இரும்பைக் கடிச்ச மாதிரி ஒரு ருசி. சாப்பாடு பாதிகூட இறங்கலை.

ஆனா உனக்கு ஒரு நல்ல சேதி வச்சிருக்கேன். என் சுகர் இறங்கிடுச்சு! நிஜமா. மருந்துக் கடையில விரலைக் குத்திப் பாத்தேன். அந்தப் பொண்ணு ரெண்டாவது தடவையும் குத்திப் பாத்துட்டு, "அண்ணே, இது உங்க ரத்தம்தானா?"ன்னு கேட்டுது. உன் நல்ல காலத்துல உனக்கு இருந்ததைவிடக் கம்மி. மாத்திரை போட்டா மயக்கமா வருது, அதனால பாதியாக் குறைச்சுட்டேன். தானா சரியாகுது பாரு. வாழ்க்கையில முதல் தடவையா உன்னை ஜெயிச்சிருக்கேன், அதை நீ கொண்டாட வேண்டாமா?

அதனால கவலைப்படாதே. டெஸ்ட்டுக்குப் போறேன், கூட்டம் குறையட்டும்.

ஷூ பத்தலை. புதுசு வாங்கணும். பழசு சுருங்கிடுச்சு போல.

மாப்பிள்ளை, அதாவது பன்னு


ஆகஸ்ட் 6

பன்னு,

உன் சுகர் இறங்கிய வரியை உன் மச்சானை மறுபடி படிக்கச் சொன்னேன். கண் போனதிலிருந்து நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். என்னைவிடக் கம்மி என்றால் என்ன, நீயாவது தப்பித்தாயே. பக்கத்து வீட்டுக்காரியிடமும் சொன்னேன்.

நேற்று கண் டாக்டரிடம் போயிருந்தோம். இடது கண்ணுக்கு ஆபரேஷன் செய்தாலும் பெரிதாக ஒன்றும் வராது என்றார். நான் அதை ஏற்கெனவே எதிர்பார்த்துத்தான் போனேன், அதனால் அழவில்லை. பேச்சை மாற்ற, என் தம்பிக்குச் சர்க்கரை தானாக இறங்கிவிட்டது டாக்டர், மாத்திரைகூடப் பாதிதான் என்று பெருமையடித்தேன்.

அவர் பேனாவைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"எதனால இறங்குச்சு? பத்தியம் இருக்காரா?"

"இல்லை, பசியே இல்லையாம்."

"கால் வீங்குதா?"

எனக்குத் தெரியவில்லை. அவர் மச்சானிடம், "நாளைக்கே போய் கிட்னியைப் பாக்கச் சொல்லுங்க. நல்லா இறங்குறது எப்பவும் நல்லதுக்கு இல்லைங்க" என்றார். கிட்னி கெட்டுப்போனால் மருந்தும் இன்சுலினும் உடம்பிலேயே தங்கிவிடுமாம், சர்க்கரை தானாக இறங்குமாம்.

உடனே போ. முதலாளி வேலையை விட்டுத் தூக்கினாலும் பரவாயில்லை, போ. உனக்குப் போன் செய்து பார்த்தோம், நீ எடுக்கவில்லை. நான் கத்துவேன் என்று பயமா? கத்த மாட்டேன். போய்விட்டு வந்து எழுது.

அக்கா


செப்டம்பர் 15

அக்காவுக்கு,

டெஸ்ட் எல்லாம் எடுத்தாச்சு. நீங்க சொன்னதை நான் தட்டுவேனா? டாக்டர் நல்ல மனுஷன், பொறுமையாப் பாத்தார். கொஞ்சம் மருந்து மாத்தியிருக்கார், உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கார். ஓய்வு எடுக்கணும்னு முதலாளியும் லீவு குடுத்துட்டார். நீங்க உங்க உடம்பைப் பாத்துக்கோங்க. நேரத்துக்குச் சாப்பிடுங்க. என்னைப் பத்திக் கவலை வேண்டாம். சீக்கிரம் வந்து பாக்குறேன்.

மச்சான், இதோட நிறுத்திடுங்க. கீழே இருக்கிறதை அக்காவுக்குப் படிக்காதீங்க. உங்க ஒருத்தருக்குத்தான் எழுதுறேன்.

ரெண்டு கிட்னியும் போயிடுச்சு மச்சான். வேலை நேரத்துல மூச்சு விட முடியாம தட்டோட விழுந்தேன். மாவு பிசையிறவர்தான் தூக்கிட்டுப் போனார். இனிமே வாழ்நாள் பூரா டயாலிசிஸ் மெஷின்தானாம், ஒண்ணு விட்டு ஒரு நாள் படுத்துக் கிடக்கணும். பிரஷர் ரொம்ப நாளா இருந்திருக்கு. அந்த வலி மாத்திரையை டாக்டர்கிட்ட காட்டினேன். அவர் அட்டையைத் திருப்பிப் பேரைப் படிச்சார். உங்களுக்கு இருந்த சர்க்கரைக்கும் பிரஷருக்கும் இது விஷம் மாதிரி, யாரும் சொல்லலையான்னு கேட்டார். யாரைக் கேட்டேன் நான்? முன்னாடியே ஒரு சொட்டு மூத்திரம் குடுத்திருந்தா தெரிஞ்சிருக்குமாம், நிறுத்தியும் வச்சிருக்கலாமாம். காலுக்கும் மூத்திரத்துக்கும் என்ன சம்பந்தம்னு நான் முதல் கடிதத்துல அக்காவைக் கேட்டிருந்தேன்.

பக்கத்துப் படுக்கை ஆளுக்குக் கால் இல்லை. எனக்கு ரெண்டு காலும் அழகா நீட்டிக் கிடக்கு. அதைப் பாத்தா எனக்கு எரிச்சலா வருது.

அக்காவுக்குத் தெரிய வேண்டாம். அவளுக்கு இருக்கிற ஒரே சந்தோஷம் நான் தப்பிச்சேங்கிறதுதான். அதையும் பிடுங்கிட்டா அவ என்ன ஆவா? போன்ல பேசச் சொல்லாதீங்க. என் குரலைக் கேட்டா கண்டுபிடிச்சுடுவா. எனக்குப் பயமா இருக்கு மச்சான். ரொம்பப் பயமா இருக்கு.

பன்னு


செப்டம்பர் 28

பன்னு,

என்னை 'நீங்க' என்று எழுதியிருந்தாய். பிறந்ததிலிருந்து என்னை நீ அப்படிக் கூப்பிட்டதில்லை. அதைக் கேட்டதுமே காதைத் தீட்டிக்கொண்டேன். உன் மச்சான் "சீக்கிரம் வந்து பாக்குறேன்" என்று படித்துவிட்டு, "அவ்வளவுதான்" என்றார். ஆனால் காகிதத்தை மடிக்கிற சத்தம் வரவில்லை. கையில் பிடித்தபடியே நின்றார்.

"மீதியைப் படிங்க" என்றேன்.

"மீதி இல்லை."

"அப்ப எதுக்கு மூக்கை உறிஞ்சுறீங்க?"

பாவம், அவருக்குப் பொய் சொல்ல வராது. படித்துவிட்டார். முதல் தடவையாக ஏற்ற இறக்கத்தோடு படித்தார். உன் ஆசை நிறைவேறியது.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்தாள். என் கிட்னி ஒன்றை எடுத்து அவனுக்கு வையுங்கள் என்று மச்சானைப் பிடித்து உலுக்கினேன். மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டோம். சர்க்கரை உள்ளவளிடம் எடுக்க மாட்டார்களாம். நான் கண்ணில்லாதவள், உனக்குக் கிட்னி இல்லை, நமக்குள் கொடுத்துக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை, பார்த்தாயா?

அடுத்த வாரம் மச்சான் என்னைக் கூட்டிக்கொண்டு வருகிறார். வேண்டாம் என்று சொல்லாதே. உன் முகம் எனக்குத் தெரியப்போவதில்லை, அதனால் நீ எப்படி இருந்தாலும் பரவாயில்லை. மெஷினுக்குப் பக்கத்தில் உட்காருவேன். உன் காலை என் மடியில் வைத்துக்கொள்வேன். கூச்சத்தில் உதைக்காதே. அதற்குள் போன் செய். குரலில் தெரிந்துவிடும் என்று இனிப் பயப்பட என்ன இருக்கிறது? உனக்குப் பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அதை என்னிடமே சொல். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. நமக்கு இனி நல்லது ஏதாவது நடக்கும் என்று என்னால் பொய்யாகக்கூட எழுத முடியவில்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். நேற்று உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வரிசையாகப் படிக்கச் சொன்னேன். முதல் கடிதத்தில் ஓர் இடம் வந்தது. கால் கொழுகொழு என்று குழந்தைக் கால் மாதிரி இருக்கிறது, சாக்ஸ் தடம் படுக்கப் போகிற வரைக்கும் அப்படியே இருக்கிறது என்று எழுதியிருந்தாய். மச்சான் அதோடு நிறுத்திவிட்டார். அப்புறம் அவரால் படிக்க முடியவில்லை.

அது வீக்கம், பன்னு. கிட்னி கெட்டால் அப்படித்தான் வருமாம். நீ மறைக்கவில்லை, பிப்ரவரி மாதமே எழுதிவிட்டாய். அந்தக் கடிதத்தை எனக்கு யாரும் படித்துக் காட்டவில்லை. நானே படித்தேன். ஆயிரம் சட்டையில் ஒரு தையல் விட்டுப்போனாலும் கண்டுபிடிக்கிறவள், ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வரியைச் சிரித்துக்கொண்டே படித்தேன். அப்போது எனக்குக் கண் தெரிந்தது.

அக்கா